அம்மை வீட்டிலிருந்து வாயால் சொல்லி அனுப்பிய சாவி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம் வந்தால் நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். காரணம் இரண்டு. ஒன்று, இதில் எங்கள் மாரியம்மன் ஆத்தா சம்பந்தப்பட்டிருக்கிறாள். இன்னொன்று, நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். படித்தது ஒன்பதாவது வரைதான் என்பதால் கம்ப்யூட்டர் விஷயத்தைத் தப்பாக எழுதிவிடுவேனோ என்றும் பயம் இருந்தது. அதை என் மகள் படித்துப் பார்த்து, தப்பில்லை என்று சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊர் தா.பழூருக்குப் பக்கம். வீட்டுக்காரர் அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள். பெரம்பலூரில் என்ஜினீயரிங் முடித்து, சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை வீட்டிலிருந்தே. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். ஆறாவது மாதத்தின் கடைசி வாரம் அவளுக்கு அம்மை போட்டுவிட்டது.

அவளும் அவளோடு வேலை பார்ப்பவர்களும் எழுதுவதெல்லாம் எங்கோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர வேண்டும். நெல்லை ஒரே களத்தில் கொட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு பாஸ்வேர்டு போட்டு உள்ளே போவாள். அந்த வாரத்திலிருந்து பாஸ்வேர்டு செல்லாது, ஆளாளுக்கு ஒரு சாவி செய்துகொள்ளுங்கள் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை செய்துகொள்ளலாம் என்று இருந்தாள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல். புதன்கிழமை கண் இமை மேலெல்லாம் முத்து. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மாத்திரை வாங்கினோம், வீட்டுக்கு வந்து ஆத்தாவுக்கு மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்தோம். இரண்டையும் செய்வதுதான் எங்கள் வழக்கம்.

அவளுக்கு மேலே இருக்கிற சார் போனில் பேசினார். நல்ல மனிதர்.

“லீவு எடுத்துக்கம்மா. ஆனா முடிச்சு வெச்சிருக்கற வேலைய மட்டும் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஏத்திடு. இல்லன்னா வேற ஆள வெச்சு மொதல்லேர்ந்து எழுதணும். அப்புறம் உன்ன நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் மேல கேக்க முடியாது.”

முடித்த வேலை லேப்டாப்பில் இருந்தது. சாவி இல்லாமல் அது அங்கிருந்து நகராது. ஆக, சாவியை நான்தான் செய்ய வேண்டும் என்று ஆனது.

வியாழக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, ஈரப் புடவையோடு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். மகள் வேப்பிலைப் படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் ஒற்றை விரலால் தட்டினேன். கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தது. “எஸ், எஸ், எச். சின்னக் கோடு. கீஜென்.” தட்டினேன். சாவிக்கே ஒரு ரகசிய வார்த்தை கேட்டது.

“ஒனக்கு மறக்காத வார்த்தையா போடும்மா. சத்தமா சொல்லாத.”

ஆத்தா பேரைத் தட்டினேன். திரையில் ஒன்றுமே விழவில்லை. திரும்பத் தட்டினேன். விழவில்லை.

“பாப்பா, ஒண்ணும் வரலியே.”

“வராதும்மா. வெளிய தெரியக் கூடாதுன்னு காட்டாது. எத்தினி தடவ அடிச்ச?”

“ஒம்போது இருக்கும்.”

“எதுக்கு ஒம்போது?”

“ஆத்தா பேர ஒரு தடவ மட்டும் எப்படிடி எழுதறது? சுத்துக்கு மூணு, மூணு சுத்து.”

அதையே இன்னொரு தடவை கேட்டது. நான் எட்டிலோ பத்திலோ நிறுத்திவிட்டேன் போல, ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டது. கடைசியில் ஒரே ஒரு தடவை போட்டேன். ஆத்தாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டது. கம்ப்யூட்டரைச் சொல்கிறேன்.

“இப்ப ரெண்டு ஃபைல் வந்திருக்கும்,” என்றாள். “பேருக்குப் பின்னாடி பி, யு, பின்னு இருக்கறத சாருக்கு மெயில்ல அனுப்பு. இன்னொண்ணு இந்த லேப்டாப்ப வுட்டு வெளிய போவக் கூடாது. யாருக்கும் குடுக்கக் கூடாது. சாருக்குக் கூட.”

இரண்டாவது எனக்கு உடனே புரிந்தது. முதலாவதுதான் இடித்தது. அம்மை போட்ட வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டோம். உப்பு, மோர், நெருப்பு, முறம், எதுவும். பிச்சை கேட்டு வருகிறவருக்குக் கூட, “அம்மா வந்திருக்காங்க, அப்புறம் வாங்க” என்றுதான் பதில். கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொண்டு உடம்பில் தங்கிவிடுவாள் என்று எங்களுக்கு நம்பிக்கை. இவள் சாவியையே கொடுக்கச் சொல்கிறாள். அதுவும் இந்த வீட்டில், அம்மை போட்ட பிறகு, என் கையால் செய்த சாவி.

“அனுப்பிட்டியாம்மா?”

“அனுப்பிட்டேன்.”

அதுதான் அந்தப் பொய். அவள் நிம்மதியாகத் தூங்கினாள். இரண்டு நாளில் அன்றைக்குத்தான் தூங்கினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் அடுத்த செவ்வாய். அதற்குப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம், சாரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஐந்து மணியை நினைத்தால் அனுப்பிவிடத் தோன்றியது. அதனால் அதை நினைக்காமல் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சார் கூப்பிட்டார். போன் மகள் தலைமாட்டில் இருந்தது. அவளே எடுத்தாள்.

“சாவி இன்னும் வரலியேம்மா?”

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கண் மூடித்தான் இருந்தது. ஆனாலும் பார்த்தாள். போனை வைத்துவிட்டு அழுதாள். கண்ணீர் முத்து மேல் பட்டு எரிகிறது என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

விடிகாலையில் லாரியை நிறுத்திவிட்டு வந்திருந்த வீட்டுக்காரர் வாசலிலிருந்தே கேட்டார். “புள்ள வேலைய நீயே காலி பண்ணிடுவ போலருக்கே? ஒரு பட்டனத் தட்டறதுக்கு ஒனக்கு நல்ல நேரம் பாக்கணுமா?”

“நீங்க வேணா தட்டுங்க.”

அவர் தட்டவில்லை. அவருக்கும் பயம்தான்.

மகள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “அம்மா, நான் அனுப்பச் சொன்னது பூட்டும்மா. பேருதான் சாவி. அந்தப் பூட்ட அவங்க வூட்டுக் கதவுல மாட்டிக்குவாங்க. தொறக்கற சாவி நம்மகிட்டயே இருக்கும்.”

“பூட்டுன்னாலும் நம்ம பூட்டுதானே?”

“அப்ப என் வேலை? அதுவும் இங்கேர்ந்துதானே போவணும்?”

அதை நான் முன்னமே யோசித்து வைத்திருந்தேன். “அது அம்மை போடறதுக்கு முன்னாடியே முடிஞ்சது. அவங்க பொருளு. அவங்க பொருள அவங்ககிட்ட சேக்கறது குடுக்கறது ஆவாது.”

மகள், “பூசாரிக்குப் போனப் போடு” என்றாள்.

எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி அப்போது விக்கிரமங்கலத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். போனை எடுத்தபோது மணி இரண்டு. பின்னால் மேளச் சத்தம். கத்தித்தான் பேசினேன்.

“என்னாம்மா குடுக்கணும்?”

“எழுத்துங்க.”

“காயிதத்துலயா?”

“இல்லீங்க, கம்ப்யூட்டர்லேர்ந்து.”

“எவ்ளோ எழுத்து?”

“எம்பது இருக்கும்.”

மேளம் ஓய்ந்ததும் சொன்னார். “எங்கப்பா எனக்குச் சொல்லிக் குடுத்ததுல உப்பு இருக்கு, நெருப்பு இருக்கு, மோரு இருக்கு. எழுத்து இல்ல. இல்லாததுக்கு நான் சரின்னும் சொல்ல மாட்டேன், தப்புன்னும் சொல்ல மாட்டேன். ஆனா வாயால சொல்லலாம். புள்ளைக்கு எப்படி இருக்குன்னு வேலிக்கு அந்தாண்டேர்ந்து கேட்டா சொல்றியா இல்லியா? அது மாதிரி சொல்லிப்புடு.”

சாருக்குப் போன் செய்து, சாவியை வாயால் சொல்கிறேன், எழுதிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். ஏன் மெயில் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன்.

“எங்க வூட்டுலயும் இதெல்லாம் பாப்பாங்கம்மா,” என்றார். “சொல்லுங்க.”

சொன்னேன். பெரிய ஏ நாலு. பெரிய சி. மூணு. பெரிய என். சின்ன இசட். நடுவில் கூட்டல் குறி, சாய்ந்த கோடு. ஒவ்வொரு எழுத்துக்கும் அவர் “ம்” என்றார். பக்கத்து வீட்டு அக்கா வேலி ஓரமாக வந்து நின்றது.

“ஏன்டி, என்னா மந்திரம் இது? பெருசு பெருசா வருது?”

பாப்பாவின் ரகசியத்தை ஊர் கேட்கிறதே என்று குரலை இறக்கினேன். மகள் உள்ளேயிருந்து சொன்னாள். “சத்தமாவே சொல்லும்மா, இத ஊரே கேட்டாலும் ஒண்ணும் ஆவாது. இன்னொரு ஃபைலுக்குத்தான் வாயத் தொறக்கக் கூடாது.”

முடித்தோம். சார் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். எழுத்து எங்கோ தப்பு, பூட்டு மாட்டவில்லை. மணி மூன்று.

இரண்டாம் முறை முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தோம். பெரிய ஐ-யும் சின்ன எல்-லும் திரையில் ஒரே குச்சியாகத்தான் தெரிகிறது. ஒரு இடத்தில் மாற்றிச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்தியதும் பூட்டு மாட்டியது. வேலையை ஏற்ற மகள் சொன்ன வரியைத் தட்டினேன். புது இடம், நம்பிச் சேரலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கூடவே அந்த இடத்தின் அடையாளமாக எழுத்துகளை வரிசையாகக் காட்டியது. அதை இப்போது சார் படித்தார், நான் “ம்” என்றேன். சரியாக இருந்தது. பிறகு ரகசிய வார்த்தை கேட்டது. ஒரே ஒரு தடவை போட்டேன். வரிவரியாக என்னென்னவோ ஓடியது.

“என்னா போட்டிருக்கு? கடைசி வரியப் படி,” என்றாள் மகள்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். “போயிடுச்சும்மா,” என்றாள். மணி நாலே கால்.

அன்றைக்கு அந்த வேலையைச் சரிபார்க்கக் கம்பெனிக்கு வர வேண்டிய ஆட்கள் வரவில்லையாம். அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்களாம். சார் சிரிக்காமல் சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமை ஏற்றியது வெள்ளிக்கிழமைக் கணக்கில்தான் சேர்ந்தது. அடுத்த மாதம் அவளை நிரந்தரம் செய்து கடிதம் வந்தது.

செவ்வாய்க்கிழமை தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். கண் திறந்ததும் மகள் முதலில் லேப்டாப்பைத்தான் பார்த்தாள். கீபோர்டு முழுக்க மஞ்சள். துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏம்மா பொய் சொன்ன? அனுப்பலன்னு சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்பேன்ல?”

“தூங்கணும்னுதான்.”

“தூங்கினேன்,” என்றாள். அவ்வளவுதான். அது மன்னிப்பா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆத்தாவுக்குக் கூழ் ஊற்றினேன். மகளுக்கு என்ன ஊற்றுவது என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிற தாய்மார்கள், வீட்டில் பிள்ளைகள் இந்த வேலை பார்த்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். சொல்லும்போது நான் எழுதியபடியே சொல்லுங்கள். எங்கள் தெருவில், ஆத்தாவே வந்து கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டாள் என்று இப்போதே சேர்த்துச் சொல்கிறார்கள். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. என் பிள்ளை உடம்பில் வந்து, தங்க வேண்டிய நாள் வரைக்கும் தங்கி, தழும்பு விடாமல் இறங்கிப் போனாள். சாவியைச் சொன்னது நான். பொய் சொன்னதும் நான். ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம், ஒன்றை விடவும் வேண்டாம்.