பக்கத்து சீட்

இன்று, முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆன்லைனில் கச்சேரி டிக்கெட் வாங்கினேன். ஏமாந்துவிடக் கூடாதே என்று, இந்தக் குழுவில் நீங்கள் சொன்னபடி, மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நேரில் வரச் சொல்லியிருந்தேன்.

வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி.

"பணத்தை இப்போ அனுப்பாதீங்கோ. டிக்கெட் உங்க ஆப்ல வரட்டும், பேரைப் பாருங்கோ" என்றார் அவராகவே.

டிக்கெட் என் பேருக்கு மாறியது. பணம் அனுப்பினேன்.

"நீங்க போகலையா?" என்று கேட்டேன்.

"போறேனே. ரெண்டு டிக்கெட் எடுத்திருந்தோம். போன மாசம் எங்காத்துக்காரர் தவறிட்டார். பக்கத்து சீட் காலியா இருந்தா என்னால உட்கார முடியாது."

"சரி" என்றேன். பஸ் பிடித்துச் செம்பூர் வந்து சேர்ந்தேன்.

சனிக்கிழமை மாலை கச்சேரி முழுக்க அவர் பக்கத்தில்தான் உட்காரப்போகிறேன். டிக்கெட்டில் ஏமாறாமலிருக்க ஆளாளுக்கு யோசனை சொன்னீர்கள். அவரிடம் என்ன பேசுவது என்றும் யாராவது சொல்லுங்கள்.