டிஸ்க்கில் தடவிய எண்ணெய்

என் பழைய காருக்குப் பெரிய என்ஜினை மாட்டியது நான்தான். அந்த வேகத்துக்கேற்ற டிஸ்க் பிரேக்கையும் போன வாரம் நானே மாட்டினேன்.

உப்புக்காற்றில் டிஸ்க் உடனே துருப்பிடித்தது. நான் பழுதுபார்க்கும் போட் என்ஜினுக்குத் தடவுவதுபோல எண்ணெய் தடவினேன்.

"பிரேக்ல போய் தடவுவாங்களா நைனா?" என்றாள் மகள்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன்.

மறுநாள் அவளை வேலைக்கு அழைத்துப் போகையில், டச்சுக் கல்லறைத் திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வலைக் குவியலில் மோதித்தான் கார் நின்றது. அவள் நெற்றியில் மூன்று தையல்.

இன்று எண்ணெயைத் துடைத்து, பிரேக் பேடும் மாற்றி, அவள் நின்றிருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். "ஏறும்மா, இப்ப நல்லா புடிக்குது."

"இன்னா நைனா, நெத்தியில அந்தப் பக்கமும் தையல் போடணுமா?" என்றவள் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவள் வேலை செய்யும் திருப்பாலைவனம் வரை பின்னாலேயே போனேன். பஸ் நின்ற இடத்திலெல்லாம் என் காரும் சரியாக நின்றது.

அந்த பஸ்ஸில் வந்தவர்கள் சொல்லுங்கள், அவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாளா?