தளவாய் எடுத்த அளவு

மாப்பிள்ளையூரணி தளவாய் இருபத்திரண்டு வருடமாகப் பைபர் படகுகளைத் தேய்த்தவர். படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, உப்புத்தாளால் வழுவழுப்பாக்குகிற வேலை. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போய்க் குடியேறிவிட்டது. இனி அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லிவிட்டார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்ற மனிதர் வேறு எங்கே போவார்?

பட்டறை முதலாளி காசிலிங்கம், வயதில் மூத்தவர், ஒரு வழி சொன்னார். பட்டறையில் படகு வார்க்கிற பழைய அச்சு வெடித்துவிட்டது. நன்றாக ஓடுகிற பழைய படகு ஒன்றைக் கரையேற்றி, அதை அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, புது அச்சு செய்ய வேண்டும்.

“அளவு சரியா வந்துச்சுன்னா இனிமே நீ அளவுக்காரன். பிசகிச்சுன்னா மறுபடியும் உப்புத்தாள்தாம்லே.”

தளவாய் முருகனை நினைத்துக்கொண்டு நாடாவையும் தூக்குக்குண்டையும் எடுத்தார். படகின் வலது பக்கம் முழுக்கச் சாணுக்குச் சாண் அளந்தார். மூக்குப் பக்கம் வளைவு அதிகமில்லையா, அங்கே விரற்கடைக்கு விரற்கடை. நாலு நாளில் ஒரு நோட்டு நிறைந்தது.

படகு வரையப் படித்த ஜெயபிரியா அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். திரையில் முதலில் வெறும் புள்ளிகள், பொரியை இறைத்தது போல. பிறகு புள்ளிக்குப் புள்ளி கோடு ஓடியது. கோடுகளின் மேல் தோல் படர்ந்தது. அவள் ஏதோ ஒன்றை அமுக்க, அளக்காத இடது பக்கமும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

தளவாய் இத்தனை வருடமும் படகின் அடியை முகத்துக்கு நேரே ஒவ்வொரு முழமாகத்தான் பார்த்திருக்கிறார். இப்போது தண்ணீரும் இல்லாமல் தரையும் இல்லாமல் முழுப் படகும் அந்தரத்தில் நின்றது. அவள் விரலை அசைத்தால் வயிற்றைக் காட்டிப் புரண்டது. ஓர் அணுவும் மறைக்காமல் அத்தனையையும் ஒரே பார்வையில் பார்க்கிறவன் கடவுள் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தார். கால் தன்னால் செருப்பை விட்டு இறங்கியது.

“என்னத்துக்கு அண்ணாச்சி செருப்பக் கழத்துதீங்க?”

“இருக்கட்டும் தாயி. நீ சுத்து.”

“இருங்க, வளைவு சீரா இருக்கான்னு பாத்துருவோம்.”

படகின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் விழுந்தன. வாய்க்கால் தண்ணீர் போலச் சீராக ஓடிய வரிகள் மூக்கருகே வந்ததும் நெளிந்தன. இரண்டு பக்கமும் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புடைப்பு.

“இங்கன அளவு பிசகியிருக்கே,” என்றாள்.

காசிலிங்கம் எட்டிப் பார்த்தார். “நாலு நாளா என்னத்தலே அளந்த? போட்டுக்கு வெயில் காட்டிட்டு இருந்தியா?”

அளவில் பிசகில்லை என்பது தளவாய்க்குத் தெரியும். அதைச் சொல்லப்போனால் இருபத்திரண்டு வருடத்துக் கள்ளத்தனம் ஒன்று வெளியே வரும். வாயை மூடிக்கொண்டால் மறுபடி தூசிதான். சுவாமி காரியத்தில் பொய் வேண்டாம் என்று மனசு சொன்னது.

“அளவு சரிதான் மொதலாளி. அங்கன திருநீறு இருக்கு.”

“என்னது?”

“செந்தூர் திருநீறு. மஞ்சத் துணியில பொதிஞ்சு, மேல பைபர் துண்டு ஒட்டி, கண்ணுக்குத் தெரியாம நாந்தான் தேச்சு விட்டேன். கடலுக்குப் போனவன் திரும்பி வரணும்லா.”

“யாரக் கேட்டு வச்ச?”

“யாரையும் கேக்கல.”

“எத்தன போட்டுல?”

“நான் தேச்ச எல்லாத்துலயும்.”

ஜெயபிரியா நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள்.

“ஒரு நூல் கனம்கூட இருக்காது மொதலாளி. வெறும் நாடாவ வச்சுப் புடிச்சிருக்காங்க. நான் அளந்திருந்தா விட்டுத்தான் போயிருக்கும்.” பிறகு தளவாயைப் பார்த்தாள். “இத வச்சிரட்டுமா அண்ணாச்சி, எடுத்துரட்டுமா?”

“எடுத்துரு தாயி. எடப்பக்கம் நான் ஒண்ணும் வைக்கல. உள்ள திருநீறு இல்லாம வெளிய மட்டும் வீங்கி நிக்கப்படாது.”

அவள் எடுத்தாள். நெளிந்து கிடந்த வரிகள் மூக்கு நுனி வரைக்கும் நேராக ஓடின. தளவாய் திரையைப் பார்த்துக் கைகூப்பினார்.

“கும்பிட்டது போதும்லே,” என்றார் காசிலிங்கம். “திங்கக்கெழம தருவைக்குளத்துல ஒரு போட்ட அளக்கணும். அதுவும் நீ தேச்சதுதான?”

“ஆமா மொதலாளி.”

“எந்தப் பக்கம் வச்சிருக்க?”

“வலப்பக்கம்.”

“அப்ப எடப்பக்கத்த அளந்துட்டு வா.”