கையைப் பின்னால் கட்டுங்கோ

எங்கள் அம்மா சுருவில் என்னும் தீவுக் கிராமத்தில் பிறந்தார், சுருவிலிலேயே கண் மூடினார். வாழ்ந்த எழுபத்திரண்டு ஆண்டுகளில் ஐம்பத்தெட்டு ஆண்டுகளைச் செய்யாத குற்றத்துக்கான பட்டப்பெயரோடு கழித்தார். அவருடைய அன்பையும் விருந்தோம்பலையும் பற்றி இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்களில் தம்பி எழுதியிருக்கிறான். அவன் நல்ல பிள்ளை. மூத்த மகளாகிய நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். துக்கத்தோடு எழுதினால் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

அம்மாவின் தகப்பனார் நாட்டின் தென்பகுதியில் கடை வைத்திருந்தவர். மார்கழிப் பாடசாலை விடுமுறை வந்தால் அவருடைய சகோதரர்களின் குடும்பங்களும் ஊருக்கு வந்து ஒரே வீட்டில் தங்குவார்கள். மழை பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்கு வீடுதான் உலகம். ஒரு மூலையில் கல்லை எறிந்து பிடித்துக் கொக்கான் வெட்டுவார்கள், இன்னொரு மூலையில் புளியங்கொட்டையைக் குவித்து, மற்றது அசையாமல் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பின்னேரத்தில் பெரியவர்களும் வந்து குந்த, விறாந்தையில் தாயம் தொடங்கும்.

அம்மாவுக்குப் பதினான்கு வயது. எதிரே இருந்தவர் அம்மாவின் தமையனார், எங்கள் பெரியமாமா. அம்மாவின் கடைசிக் காய் பழமாக ஒரு கட்டம்தான் மிச்சம். சோகி என்று நாங்கள் சொல்லும் சோழிகள் ஆறையும் குலுக்கி எறிந்தார். ஒன்று மட்டும் மல்லாந்தால் தாயம், ஒன்று மட்டுமே மல்லாந்தது. அந்த நேரம் பார்த்துக் அடுப்படிக் குசினிப் பக்கம் வெள்ளம் வருகிறது என்று யாரோ சத்தம் வைக்க, எல்லோரும் அங்கே திரும்பினார்கள். தன் காலடியில் கிடந்த அந்தச் சோகியைப் பெரியமாமா பெருவிரலால் கவிழ்த்துவிட்டார். அம்மா அதைக் கண்டார். கண்டதும் கையை நீட்டிச் சோகியைப் பழையபடி மல்லாத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது சோகியில் இருந்தது அம்மாவின் கை.

“இவள் அளாப்புறாள்” என்றார் பெரியமாமா.

விளையாட்டில் ஏமாற்றுகிறவரை எங்கள் பக்கத்தில் அளாப்பி என்பார்கள். அன்றைக்கு அந்த விறாந்தையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தப் பெயர் அம்மாவுக்கு ஒட்டிக்கொண்டது. கலியாணத்தன்று மாலை மாற்றும்போது, அளாப்பி மாலையையும் மாற்றிப் போடுவாள், கவனம் என்று ஒருவர் பகிடி விட்டார். கோயில் மடைப்பள்ளிப் பூட்டின் திறப்பை அம்மாவிடம் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தபோது, அளாப்பியிடமா என்று இன்னொருவர் கேட்டார். பகிடிதான், யாரும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் திறப்பு வேறு வீட்டுக்குப் போனது. இவற்றையெல்லாம் சொன்னவர்களில் சிலர் இப்போது இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்களை எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா இதற்காக அழுது நாங்கள் கண்டதில்லை. அவர் சட்டம் போட்டார். ஒவ்வொரு விடுமுறைக்கும் உறவுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பின்னாளில் எங்கள் வீடாகிய அதே வீட்டுக்குக் கூப்பிடுவார். கண்ணைக் கட்டிவிட்டுப் பெருங்காயத்தையும் நற்சீரகத்தையும் மூக்கடியில் பிடித்து, என்னவென்று சொல்ல வைப்பார். கரம்போட் விளையாட விடுவார், நாயும் புலியும் விளையாட விடுவார். தாயம் என்றால் மட்டும் முகம் மாறிவிடும். நடுவில் சுளகு இருக்க வேண்டும். சோகியைக் கையால் எறியக்கூடாது, தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் குலுக்கிச் சுளகில் கவிழ்க்க வேண்டும். சிரட்டை கவிழ்ந்ததும் “கையைப் பின்னால் கட்டுங்கோ” என்பார். மூன்று பேர் பார்த்து எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லும்வரை ஒருவரும் கையை எடுக்கக்கூடாது. இன்றைக்குக் கனடாவில் வளரும் எங்கள் பிள்ளைகள் பாம்பும் ஏணியும் விளையாடும்போதுகூடக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

பெரியமாமா வந்தாலும் சட்டம் அதுதான். அவர் கையைக் கட்டும்வரை அம்மா கவிழ்ந்த சிரட்டையைத் தூக்கமாட்டார், அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரியமாமா எங்கேயோ பார்த்தபடி கையைக் கட்டுவார். அந்த ஒரு நிமிடத்துக்காகவே அம்மா ஆண்டுதோறும் ஆட்டுக்கல்லில் உழுந்து அரைத்து அத்தனை பேருக்கும் தோசை சுட்டார் என்று நினைக்கிறேன்.

தீவு முழுவதும் இடம்பெயர்ந்தபோது அம்மா எங்கள் இருவரையும், இரண்டு பை உடுப்பையும், ஒரு பால்மாத் தகர ரின்னையும் கொண்டு வெளிக்கிட்டார். ரின்னுக்குள் அந்த ஆறு சோகிகள் இருந்தன. தங்கியிருந்த பாடசாலை வகுப்பறையில், மழை நாள்களில், முன்பின் தெரியாத பிள்ளைகளையெல்லாம் கையைப் பின்னால் கட்ட வைத்தார். அங்கேதான் எனக்கு நடந்ததைச் சொன்னார். இதை ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அளாப்பி சொன்னால் ஆர் நம்புவினம்?” என்றார்.

அப்பா காலமான பிறகு ஊருக்குத் திரும்பி, தனியாளாக வீட்டுக்குக் கூரை போட்டு, எங்களைப் படிப்பித்து, கரைசேர்த்தார். கடந்த ஆவணியில் படுக்கையில் விழுந்தார். அப்போது வெளிநாட்டிலிருந்து பெரியமாமா வந்து கட்டிலருகே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் அம்மாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, அண்டைக்கு அந்தச் சோகியைப் பிரட்டினது நான்தான்.”

“தெரியும்.”

“சின்ன வயசிலை செய்த வேலை. மனசிலை வைச்சிராதை.”

அம்மா வாயிலிருந்த கஞ்சியை விழுங்கி முடித்தார். “எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள், அண்ணை. எல்லாருக்கும் முன்னாலை திருப்பி எடுங்கோ. தனியச் சொன்னால் ஏலாது.”

மார்கழி விடுமுறைக்கு எல்லோரும் வருவார்கள், அப்போது சொல்கிறேன் என்று பெரியமாமா வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதற்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுளகைக் கழுவி வைக்கச் சொன்னார். ரின்னைத் தலைமாட்டில் வைக்கச் சொன்னார். கார்த்திகை மழையில், விடுமுறைக்கு மூன்று கிழமை இருக்கையில் போய்விட்டார். கடைசிவரை மன்னிக்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

இனி நன்றி. காலையும் மாலையும் வந்து அம்மாவைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், மண்டைதீவு வீதியால் வெள்ளத்துக்குள்ளும் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஓட்டோ அண்ணைக்கும், கடல் கொந்தளிப்பிலும் நெடுந்தீவிலிருந்து படகேறிச் செத்தவீட்டுக்கு வந்த சம்பந்தி வீட்டாருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பெரியமாமாவும் இம்மலருக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். அம்மா பொறுமையின் வடிவம் என்று அதில் மூன்று இடத்தில் இருந்தது. சோகியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். “செத்தவீட்டு அலுவலுக்குள்ளை உதெல்லாம் ஏன் பிள்ளை?” என்றார். ஓம் மாமா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் எழுதியதை நான் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அடுத்த பக்கத்தைப் பாருங்கள். ‘அன்புத் தங்கைக்கு’ என்று அவர் இட்ட தலைப்பு மட்டும் இருக்கிறது. கீழே முழுவதும் வெறுமை. எல்லாப் பிரதியிலும் அப்படித்தான், கனடாவுக்கும் லண்டனுக்கும் போகும் பிரதிகளிலும் அப்படித்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை மார்கழி விடுமுறையில் வருகிறது. எல்லாருக்கும் முன்னால் என்றார் அம்மா, எல்லாரும் வருகிறீர்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் அதே விறாந்தையில் சுளகு இருக்கும், சிரட்டை இருக்கும், ஆறு சோகிகள் இருக்கும். பக்கத்தில், மலரின் அந்த வெறும் பக்கத்துக்காக ஒரு பேனையும் வைப்பேன். முன்வரிசையில் பெரியமாமாவுக்குக் கதிரை போட்டிருக்கும்.

மாமா, நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இருப்போம்.