கேஸில் எழுதாதவை

பேர்ணடெற்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முடிக்கும்போது என்னைப் பற்றியும் நிறைய வந்துவிடும் என்று தெரிகிறது. அதற்கு அவள் பொறுப்பில்லை.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் தில்லையம்பலம். ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக். கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்தபின், மார்க்கம் றோட் பிளாசா ஒன்றில், விமான ரிக்கற் விற்கும் கடையின் பின்னறையில் இருந்துகொண்டு சனத்துக்குப் படிவம் நிரப்பினேன். என் பெரிய தொழில் கேஸ் எழுதுவது. ஏன் நாட்டை விட்டு ஓடிவந்தோம் என்று அகதி விசாரணைச் சபைக்குக் கொடுக்கும் வாக்குமூலத்தைத்தான் எங்கள் ஆட்கள் கேஸ் என்பார்கள். எண்பத்தேழாம் ஆண்டு தொடக்கம் நானூறுக்கு மேல் எழுதியிருப்பேன். பெரும்பாலும் வென்றேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் சனத்துக்கு ஒரு பழக்கம். ஆங்கிலத்தில் பிளந்துகட்டக் கூடியவர்கள்கூட, ஒரு படிவம் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். ஒரு பெட்டியில் சரி அடையாளத்தைப் பிழையாகப் போட்டதால் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதையைக் கேட்டவர்கள் அவர்கள். அதனால் நூலக அட்டைக்கான விண்ணப்பமும் என் மேசைக்கு வரும். பேர்ணடெற்றும் அப்படித்தான் வந்தாள், தொண்ணூற்றேழாம் ஆண்டு மே மாதத்தில்.

அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. இளவாலைப் பக்கம். யாழ்ப்பாணத்தில் புள்ளிவிபரத் திணைக்களத்தில் வேலைபார்த்தவள், வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பழகியவள். இங்கே மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் காலை வேலை. பின்னேரங்களில் யாரும் கேட்காத ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். தொடர்மாடிகளில் இருந்த எங்கள் பெண்களின் குசினிகளில் போய், அடுப்படியில் உட்கார்ந்து, வைத்தியரிடம் போனால் என்ன நடக்கிறது என்று கேட்டு, ரேப் றெக்கோடரில் பதிந்து, வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்தாள். இரண்டு வருடத்தில் அறுபத்தொரு பெண்கள். புருஷனோ பிள்ளையோ மொழிபெயர்க்க, பாதியை விழுங்கிக்கொண்டு திரும்பிவருகிற பெண்கள்.

இதையெல்லாம் என்னத்துக்குச் செய்கிறாள் என்று நானும் சிரித்தவன்தான். ஆனால் அருகில், டொக்டர்கள் இருந்து நோயாளிகளைப் பார்க்கும் சமூக மருந்தகம் ஒன்று, தமிழ் பேசும் பெண் மொழிபெயர்ப்பாளரை வேலைக்கு எடுப்பதா என்று நவம்பரில் தீர்மானிக்க இருந்தது. அதன் குழு பேர்ணடெற்றிடம் அறிக்கை கேட்டது. காசு இல்லை, அறிக்கை மட்டும் வேண்டும். அவளும் தலையாட்டிவிட்டாள்.

தலையாட்டியபிறகுதான் சிக்கல் தெரிந்தது. எண்ணூறு பக்கம் பேச்சு. அதைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, நிலத்தில் பரப்பி, இது பாஷைப் பிரச்சினை, இது பஸ் பிரச்சினை, இது புருஷன் பிரச்சினை என்று குவியல் போட்டாள். இருந்தது அண்ணன் குடும்பத்தோடு. சாப்பாட்டு மேசைக்குப் போக இடமில்லாமல் அண்ணன் மனைவி துண்டுகளுக்கு மேலால் தாண்டித் தாண்டிப் போவாளாம். ஒரே பேச்சு மூன்று குவியலுக்குப் பொருந்தினால் எதில் போடுவது? அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

இந்த வேலையைச் செய்யக் கணினியில் ஒரு சொவ்ற்வெயர் இருந்தது. பேச்சைப் படித்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குறி போட்டால், அந்தக் குறி உள்ளதையெல்லாம் அறுபத்தொரு பேரிடமிருந்தும் அள்ளிக் கொண்டுவந்து ஒன்றாக வைக்கும். பல்கலைக்கழகங்கள் வாங்குகிற விலை. பேர்ணடெற்றிடம் இருந்தது பழைய கணினி ஒன்று மட்டும். அமெரிக்காவில் அதை விற்ற சின்னக் கம்பனி, வசதியில்லாத மாணவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் வருடத்தில் பத்துப் பேருக்கு அதை இலவசமாகக் கொடுத்தது. அதற்குப் பெயர் புலமைப்பரிசில். எனக்குத் தெரிந்த புலமைப்பரிசில் ஊரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எடுக்கும் சோதனை. நாற்பதை எட்டிப்பிடிக்கிற பெண்ணுக்குமா என்று பகிடி பண்ணிவிட்டுத்தான் படிவத்தை வாங்கினேன்.

அதில் இரண்டு பெரிய கேள்வி. உங்கள் ஆராய்ச்சி என்ன? உங்களுக்கு இது ஏன் தேவை?

எனக்கு இரண்டாவது கேள்வி மட்டும் கண்ணில் பட்டது. பழக்கதோஷம். நான்கு பக்கம் எழுதினேன். குண்டுவீச்சு, இடப்பெயர்வு, இரவில் வள்ளத்தில் கிளாலிக் கடலைத் தாண்டியது, தாயின் சாவு, ஒன்றையும் விடவில்லை. முதியோர் இல்ல வேலையை வெட்டிவிட்டேன், வேலை செய்கிறாள் என்று தெரிந்தால் தரமாட்டார்கள் என்று. ஆராய்ச்சிக்கு இரண்டு வரி.

பேர்ணடெற் வாசித்தாள். அவளுக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம். முகம் கொஞ்சம் சுருங்கியது.

“அண்ணை, நான் என்ன செய்யிறன் எண்டு இதில ஒண்டும் இல்லையே?”

“அது அவைக்கு விளங்காது, பிள்ளை. வாசிக்கிறவனுக்குக் கண்ணில தண்ணி வரவேணும். மற்றதை விடும்.”

நானூறு கேஸ் எழுதினவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? கையெழுத்து வைத்தாள். எழும்பும்போது, என் வாயில் பாடமாகிவிட்ட புத்திமதியையும் கொடுத்தேன். எழுதினதுக்கு மாறாக எங்கும் ஒன்றும் சொல்லக்கூடாது, எழுதாததை வாய் திறக்கவே கூடாது. கேஸ் எழுதிப்போகிற எல்லோருக்கும் நான் வாசலில் வைத்துச் சொல்லுவது அது.

மூன்று கிழமையில் பதில் வந்தது. தன்மையான கடிதம். உங்கள் துயரத்தை வாசித்து மிகவும் வருந்தினோம், ஆனால் நீங்கள் எதை ஆராய்கிறீர்கள், எங்கள் சொவ்ற்வெயரை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பது விளங்கவில்லை, முடிவுத் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதைப் பற்றித் திரும்ப எழுத முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அப்பீல் செய்வோம் என்றேன். இன்னும் பலமாக எழுதித் தருகிறேன், அண்ணன்மாரில் ஒருவரைக் காணாமற்போனவர் ஆக்கலாமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பேர்ணடெற் கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“வேண்டாம் அண்ணை. கேட்டதுக்கு நானே மறுமொழி எழுதுறன்.”

அவள் எழுதியது ஒரு பக்கம். பிறகு காட்டினாள். அறுபத்தொரு குசினிகள், அங்கே கேட்கும் கேள்விகள், நிலத்தில் கிடக்கும் துண்டுகள். காலையில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன் என்று நேரே எழுதியிருந்தாள். கடைசியில், ‘நான் தேடுவதை மட்டும்தான் கையால் தேட முடிகிறது. தேட நினைக்காதது ஏதாவது இவர்கள் பேச்சில் இருந்தால் அதைக் காண எனக்கு வழியில்லை’ என்று ஒரு வரி. அழுகை இல்லை, ஒப்பாரி இல்லை. இது தேறாது என்று மனதுக்குள் முடிவுகட்டினேன்.

ஓகஸ்ட்டில் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் சில டிஸ்க்கும் தடித்த புத்தகமும். பேர்ணடெற் அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். எனக்குச் சந்தோசம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு இரண்டு மாதம் ஆளைக் காணவில்லை. ஒக்ரோபரில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடையில் ஆட்கள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். கதவைச் சாத்திவிட்டு ஆறேழு தாளை என் முன்னால் வைத்தாள். பெயர்கள் இல்லை, பெண்களுக்கு எண் மட்டும். குழுவுக்குக் கொடுக்க முதல் நான் பார்க்க வேண்டும் என்றாள்.

பதினான்காம் எண்: வலிப்பு சின்ன வயதிலிருந்தே இருக்கு. கேஸில் அது இல்லை. அதனால் டொக்டருக்குச் சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் எண்: டொக்டர் எழுதுகிறதெல்லாம் இமிக்கிரேசனுக்குப் போகுமாம். கேஸில் உள்ளதை மட்டும் சொன்னேன்.

முப்பத்தேழாம் எண்: வருகிற வழியில் பிள்ளை கலைந்துபோனது. இப்ப சொன்னால், முந்தி ஏன் மறைத்தாய் என்று பேப்பரைப் பறித்துப்போடுவார்கள். இரத்தப்போக்கு இன்னும் இருக்கு.

இப்படி இருபத்துமூன்று பேர். ஒவ்வொருவரும் ஒருதரம், பேச்சோடு பேச்சாகச் சொன்னது. துண்டு வெட்டிக் குவித்தபோது இது பஸ்ஸுக்குள்ளும் பாஷைக்குள்ளும் சிதறிக் கிடந்திருக்கிறது. ‘கேஸ்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று பேர்ணடெற் அதற்கும் ஒரு குறி போட்டிருக்கிறாள். சொவ்ற்வெயர் எல்லாவற்றையும் பொறுக்கி ஒரே இடத்தில் வைத்துவிட்டது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. “நான் என்ன பிழை செய்தனான்? உந்தச் சனத்துக்கெல்லாம் பேப்பர் கிடைச்சதோ இல்லையோ?”

“கிடைச்சது அண்ணை. உங்களாலதான் கிடைச்சது. அதாலதான் நீங்கள் சொன்ன சொல்லை இண்டைக்கும் காப்பாத்தினம்.”

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், சண்டை பிடித்திருப்பேன். கேஸ் எழுதினவர் என்றுதான் அறிக்கையில் வரும், உங்கள் பெயர் வராது என்றாள். வேறு ஆட்களும் கேஸ் எழுதினவைதானே என்று சொல்லி என்னைக் காப்பாற்றவும் பார்த்தாள். மொழிபெயர்க்க ஆள் வந்தாலும் இவர்கள் வாய் திறக்கமாட்டார்கள் என்பதுதான் தன் கவலை என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழும்பிவிட்டாள்.

தாள்கள் மேசையில் கிடந்தன. எனக்கு ஒரு பெண்ணின் நினைவு வந்தது. கமலாம்பிகை. நான்கு வருடத்துக்கு முன், பேர்ணடெற் இருந்த அதே கதிரையில் இருந்து, கனடாவுக்கு வரும் வழியில் மொஸ்கோவில் நின்ற காலத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவள், “அப்ப எனக்கு மூண்டு மாசம் அண்ணை” என்று தொடங்கினாள். உது வேண்டாம், கதையைக் குழப்பும் என்று நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவளும் நிறுத்திவிட்டாள். முப்பத்தேழாம் எண் அவள்தானா என்று பேர்ணடெற்றிடம் நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள்.

நவம்பரில் மருந்தகம் ஒத்துக்கொண்டது. கிழமையில் மூன்று நாள் தமிழ்ப் பெண் ஒருத்தி இருப்பாள். பேர்ணடெற் இதைத் தொலைபேசியில் சொன்னாள், நாளைக்கு வெள்ளன வேலை என்று வைத்தும்விட்டாள். இன்றைக்கும் அவள் அந்த முதியோர் இல்லத்தில்தான். பின்னேரங்களில் இப்போது வேறு கேள்வியோடு வேறு குசினிகளுக்குப் போகிறாள்.

அவள் தொலைபேசியில் சொன்னதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கொப்பிகளை எல்லாம் எடுத்தேன். கேஸ் எழுதிக் கொடுத்த ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கமும் அவற்றில் இருந்தது. முதல் இலக்கத்திலிருந்து அழைக்கத் தொடங்கினேன். சிலர் வீடு மாறி அஜக்ஸ் பக்கம் போய்விட்டார்கள், சிலர் என்னை மறந்தேபோனார்கள். கிடைத்தவர்களிடம், நான் சொன்னது விசாரணைக்கு மட்டும்தான், மருந்தகத்தில் மொழிபெயர்க்க இனித் தமிழ்ப் பெண் ஒருத்தி இருப்பாள், டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லலாம், அது ஓரிடத்துக்கும் போகாது என்று சொன்னேன். கமலாம்பிகையின் இலக்கம் மூன்றாவது கொப்பியில் வந்தது. அவளுக்கும் அதையே சொன்னேன்.

“அண்ணை, கேஸில இல்லாததையுமோ?”

“ஓம். அதைத்தான் முதல்ல சொல்லவேணும்.”

“நீங்கள்தானே அண்டைக்கு வேண்டாம் எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம் பிள்ளை. நான் சொன்னது பிழை.”

பத்து வருடத்தில் அந்த வார்த்தையை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அழப்போகிறாளோ என்று பயந்தேன். அவள், மருந்தகத்தை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டாள். ஒன்பது மணிக்கு என்றேன்.