நான்காவது உருப்படி

எனக்குச் சங்கீத ஞானம் உண்டு என்று கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் சொல்வார்கள். சொல்ல வைத்தவன் நான்தான். கச்சேரி முடிந்ததும் ஒரு தாளில் எண் போட்டு, உருப்படி உருப்படியாக அபிப்பிராயம் எழுதி வித்வான் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். பாங்கில் முப்பது வருஷம் மற்றவர்கள் எழுதிய குறிப்பைத் திருத்தியவனுக்கு வேறென்ன வரும்? என்னைக் கண்டால் பாடகர்கள் பின்வாசல் தேடுவார்கள் என்பதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மகள் வாசிப்பது பேஸ் கிட்டார். நாலே தடித்த தந்தி, எல்லாம் அடிக்குரல். பகலில் சால்ட் லேக்கில் கம்ப்யூட்டர் வேலை, அங்கேயே தனி ஃப்ளாட். பியானோவையும் டிரம்ஸையும் பின்னால் அடக்கி உட்காரவைத்து, பேஸை முன்னால் நிறுத்தி, மென்மையான ஜாஸில் எட்டு உருப்படிகளோடு ஒரு ஆல்பம் செய்தாள். வெளியிடும் முன் அதை என் போனுக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"அப்பா, நீ கேட்டு சொன்னப்புறம்தான் வெளியில விடுவேன். ஹெட்போன் போட்டுண்டு கேளு."

காதை அடைத்துக்கொண்டு நான் எந்தக் கச்சேரியும் கேட்டதில்லை. போனை டவரா மேல் சாய்த்துவைத்து, பால்கனியில், கீழே ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருக்கக் கேட்டேன். கேட்டுவிட்டு வழக்கம்போல் எண் போட்டு எழுதினேன். பியானோ சுகம். டிரம்ஸ் அடக்கம். மேளம் இருக்கிறது, பந்தல் இருக்கிறது, கல்யாணப் பெண்ணைத்தான் காணோம். நான்காவதில் ஒன்றுமே இல்லை; பியானோ அங்கொன்று இங்கொன்றாகத் தட்டுகிறது, மற்றதெல்லாம் மௌனம். எடுத்துவிடலாம்.

எழுதிய தாளைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் "சரிப்பா" என்று எழுதினாள்.

ஆல்பம் ஏழு உருப்படிகளோடு வெளிவந்தது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்கறிக் கடையில் பார்த்தவரிடமெல்லாம், "நான் சொன்னேன், எடுத்துட்டா" என்றேன். அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்தது. ஆபீசில் வேலை அதிகம் என்றாள். நம்பினேன். நம்பத்தான் சௌகரியமாக இருந்தது.

போன மாதம் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று சொல்ல மேல்வீட்டுக்குப் போனேன். அங்கே தனியாக இருக்கும் வங்காளிக்காரர் வீட்டில் பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து என் மகள் இந்த மாதிரி இசையெல்லாம் கேட்டது அவற்றின் முன்னால்தான். அவரைப் பற்றி, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நான் அவளிடமே சொல்லியிருக்கிறேன்.

"போஷுன், போஷுன்" என்று உட்காரவைத்தார். "உங்கள் பெண் முதலில் அனுப்பியதில் எட்டு இருந்தது. நான்காவதை ஏன் எடுத்துவிட்டாள்? அதுதானே உயிர்?" என்று கேட்டுவிட்டு அதைப் போட்டார்.

நாற்காலியின் கைப்பிடி அதிர்ந்தது. என் போனின் சுண்டைக்காய் ஸ்பீக்கரில் வராமலே போன அடிக்குரல் அறை முழுக்க நின்றது. அவசரமே இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு அவள் விரல் வழுக்கிப் போன இடத்தில் சுத்தமான கமகம் இருந்தது. பெரிய வித்வான்களிடம் நான் வருஷக்கணக்காகத் தேடியது அது. பிறகுதான் மெட்டு பிடிபட்டது. தினமும் காலையில் ஷேவ் செய்யும்போது நான் முனகும் அரை வரி. கத்தி தாடைக்கு வந்ததும் பாட்டை நிறுத்துவேன், பிறகு முதலிலிருந்து ஆரம்பிப்பேன். பேஸும் அங்கேயே நின்றது. இரண்டு அட்சரம் காத்திருந்தது. மறுபடியும் முதலிலிருந்து எடுத்தது. மூன்றாம் தடவை நிற்கவில்லை. மேலே போய் வரியை முடித்துவைத்தது.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட என்மேல் அருவருப்பு வந்தது. மோட்டார் விஷயத்தைச் சொல்லாமலே இறங்கிவந்து அவளைக் கூப்பிட்டேன்.

"அந்த நாலாவது... அதைத் திரும்ப சேர்த்துடேன்மா. நான் சரியா கேக்கலை."

கோபமே இல்லாத குரலில் சொன்னாள்: "அது ஊருக்காகப் போட்டது இல்லப்பா. நீ கேக்கறதுக்காகப் போட்டது. நீ வேண்டாம்னுட்டே. அழிச்சுட்டேன்."

மேல்வீட்டில் ஒரு பிரதி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

காலையில் ஷேவ் செய்யும்போது பழக்கதோஷத்தில் அந்த அரை வரி இன்னும் வருகிறது. வந்ததும் வாயை மூடிக்கொள்கிறேன். கேட்காமல் அடுத்தவர் பொருளை எடுக்கிற மாதிரி இருக்கிறது.