மேற்கோள்களில் ஒரு தகப்பன் பேர்

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தேன். மூளை ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒருவர், மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தார். அவருடைய கட்டுரைகளை உலகத்தில் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணினியில் தேடிக் கொடுப்பது என் பொறுப்பு. அவர் பேரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டி, கணினியைத் திட்டித் தீர்த்தேன்.

பிறகுதான் உறைத்தது. வெளிநாட்டு இதழ்கள் குடும்பப் பேர் கேட்டிருக்கும். நம்மில் யாருக்கு அது இருக்கிறது? இவர் தகப்பன் பேரைக் கொடுத்திருப்பார். அந்தப் பேரைத் தட்டினேன். ஜப்பான், பிரேசில், நார்வே என்று பக்கம் பக்கமாக ஓடியது. தேயிலைச் செடியின் கிளை கழித்து, கவ்வாத்து வெட்டிய ஒரு மனுசனின் பேரைச் சொல்லித்தான் அத்தனை பேரும் மூளையைப் பற்றி எழுதுகிறார்கள். பட்டியலை அச்செடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

"உங்க பேருக்கு மாத்தச் சொல்லி இதழ்களுக்கு எழுதவா மேடம்?" என்று கேட்டேன்.

"வேணாங்க," என்றார். "அப்பா கடைசி வரைக்கும் கைநாட்டுதான் வச்சாரு. தன் பேரை அவரு எழுதினதே இல்லைங்க."